கைக்கடிகாரம் சொல்லும் கலோரிக் கணக்கு

கோச்சடையிலிருந்து மேலக்கால் சாலையில் மேற்கு நோக்கி நடந்து, அதே வழியில் திரும்பி வருவது ஓய்வுக்குப் பிந்தைய என் அன்றாட ஒழுங்கு. ஏறத்தாழ 5 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் ஆகும். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் உடன் வருவார். சென்ற மாதம் ஒரு நாள் நடை முடிந்து தேநீர்க் கடையில் நின்றபோது இருவரும் கைக்கடிகாரங்களைப் பார்த்தோம். நான் எரித்தது 231 கலோரி என்றது என் கடிகாரம். அவர் எரித்தது 318 என்றது அவருடைய கடிகாரம். ஒரே சாலை, ஒரே நேரம், ஒரே வேகம். எங்கள் எடையில் வேறுபாடு 5 கிலோவுக்கு மேல் இருக்காது.

"வரவு 318 சார். ஒரு வடையைப் பற்று எழுதினாலும் இருப்பு மிச்சம்" என்றார் நண்பர். வங்கிக்காரரின் கணக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் வரவு என்று எழுதப்பட்ட தொகை உண்மையில் வந்து சேர்ந்ததா என்று தணிக்கையாளர் கேட்பாரே, அந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும். ஏனெனில் அந்தத் தவறை நானே ஒருமுறை செய்து, விலையும் கொடுத்திருக்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்த புதிதில், ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். அங்கிருந்த டிரெட்மில் 45 நிமிட நடைக்குப் பின் 400-ஐத் தாண்டிய ஓர் எண்ணைக் காட்டும். அதை நம்பி, காலை உணவில் இரண்டு இட்லிக்குப் பதில் நான்கு என்றும், வாரத்தில் சில நாள் பொங்கல் என்றும் தாராளமானேன். நான்கு மாதங்களில் எடை 2 கிலோ கூடியது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சர்க்கரைப் பரிசோதனையும் மேலே போனது. மருத்துவர் என்னை ஐயத்துடன் பார்த்தார். நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு நடக்காமல் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துப் பழகியவர் அவர். நான் நடந்தது உண்மை. எண்தான் உண்மையில்லை. அந்த இயந்திரம் என் எடையைக் கேட்டதே இல்லை என்பதும், பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் உடல் செலவிடும் ஆற்றல் குறையும், ஆனால் இயந்திரம் பட்டையின் வேகத்தையும் சரிவையும் மட்டுமே வைத்துக் கணக்கிடும் என்பதும் பின்னர்தான் எனக்குப் புரிந்தன.

உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது என்பதை உண்மையாகவே அளக்க முடியுமா? முடியும், ஆனால் எளிதன்று. பிரான்சில் லவாய்சியரும் லாப்லாசும் 1782-83 குளிர்காலத்தில் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, உருகிய நீரின் அளவைக் கொண்டு அதன் உடல் வெளியிட்ட வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். மூச்சு என்பது மெதுவாக நிகழும் ஓர் எரிதல் என்ற கருத்துக்கு அங்கே அளவு கிடைத்தது. நூறாண்டு கழித்து அமெரிக்காவில் அட்வாட்டர் மனிதனே உள்ளே தங்கும் அளவுக்கு ஓர் அறையைக் கட்டினார். உள்ளே இருப்பவர் உண்பார், உறங்குவார், மிதிவண்டி மிதிப்பார். அவர் வெளியிடும் வெப்பமும் காற்றும் அளக்கப்படும். இன்று ஆய்வகங்களில் முகமூடி அணிவித்து, உட்கொள்ளும் ஆக்சிஜனை அளக்கிறார்கள். உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தினால் ஏறக்குறைய 5 கிலோகலோரி செலவாகிறது என்பது இதன் அடிப்படை. (நாம் பேச்சில் கலோரி என்பது உண்மையில் கிலோகலோரிதான். இக்கட்டுரையிலும் அப்படியே சொல்கிறேன்.) இதைவிட நுட்பமான முறை, ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய இரண்டும் கனமான அணுக்களாக மாற்றப்பட்ட நீரைக் குடிக்கக் கொடுத்து, அவை உடலைவிட்டு நீங்கும் வேகத்தைச் சிறுநீரில் பார்ப்பது. 1982-இல் மனிதர்களிடம் முதன்முதலாகக் கையாளப்பட்ட இந்த முறையில், ஒருவர் தம் வழக்கமான வாழ்க்கையை வாழ்ந்துகொண்டிருக்கும்போதே ஒன்றிரண்டு வாரச் செலவைக் கணக்கிட்டுவிடலாம்.

நம் கடிகாரம் இவற்றில் எதையும் செய்வதில்லை. ஆக்சிஜனை அது அறியாது. கை எப்படி அசைகிறது என்பதை ஓர் உணர்வி சொல்கிறது. தோலின் மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து நாடித் துடிப்பைக் கணிக்கிறது. வயது, பால், உயரம், எடை ஆகியவற்றை நாம் கொடுத்திருப்போம். இவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டு ஓர் எண்ணை வெளியிடுகிறது. சூத்திரம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. பெரும்பாலும் வெளியே சொல்லப்படுவதும் இல்லை. பொருளியலில் இதை மதிப்பீடு என்போமே தவிர அளவீடு என்று சொல்ல மாட்டோம்.

நாடித் துடிப்பு உழைப்பால் மட்டும் கூடுவதில்லை. காப்பி குடித்தாலும், கோபம் வந்தாலும், சித்திரை வெயிலில் சும்மா நின்றாலும் கூடும். மாறாக, இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுத்துக்கொள்பவருக்கு எவ்வளவு வேகமாக நடந்தாலும் துடிப்பு அதிகம் ஏறாது. என் வயதுக்காரர்களில் இம்மாத்திரை எடுப்பவர்கள் பலர். அவர்களுடைய கடிகாரம் அவர்களைச் சோம்பேறிகள் என்று தீர்ப்பளிக்கக்கூடும். 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வர்கள் 60 தன்னார்வலர்களிடம் ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். ஏழில் ஆறு கருவிகள் நாடித் துடிப்பை 5 விழுக்காட்டுக்குட்பட்ட பிழையுடன் சொல்லிவிட்டன. கலோரியில் நிலைமை வேறு. இருப்பதிலேயே சிறந்த கருவியின் சராசரிப் பிழை 27 விழுக்காடு. மிக மோசமானது 93 விழுக்காடு. கருவிகள் அதன் பின்னர் மேம்பட்டிருக்கலாம். ஆனால் சிக்கல் கருவியின் நேர்த்தியில் மட்டும் இல்லை. அதன் அடியில் இருக்கும் சூத்திரத்தில் இருக்கிறது.

அச்சூத்திரத்தை ஒரு தாளில் போட்டுப் பார்ப்போம். உடற்பயிற்சி இயலில் மெட் என்றோர் அலகு உண்டு. அமைதியாக உட்கார்ந்திருக்கும் உடலின் செலவு 1 மெட். அதன் மதிப்பு ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 1 கலோரி என்பது வழக்கு. 1993 முதல் திருத்தித் திருத்தி வெளியிடப்பட்டுவரும் ஓர் அட்டவணை நூற்றுக்கணக்கான செயல்களுக்கு மெட் மதிப்புத் தருகிறது. சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடைக்கு ஏறக்குறைய 3.5. என் எடை 65 கிலோ. ஆகவே ஒரு மணி நேர நடைக்கு 3.5-ஐ 65-ஆல் பெருக்க 228 கலோரி வருகிறது. என் கடிகாரம் காட்டிய 231 இதற்கு மிக அருகில் இருப்பதைக் கண்டதும், உள்ளே பெரிய மந்திரம் எதுவும் இல்லை என்று புரிந்தது.

இனிதான் தணிக்கை. அந்த ஒரு மணி நேரம் நான் நடக்காமல் திண்ணையில் உட்கார்ந்து நாளிதழ் படித்திருந்தாலும் 65 கலோரி செலவாகியிருக்கும். எனவே நடையால் கூடுதலாகச் செலவானது 163 மட்டுமே. மொத்த வருவாய்க்கும் நிகர வருவாய்க்கும் உள்ள வேறுபாடுதான் இது. பல கருவிகள் முகப்பில் காட்டுவது மொத்தத்தை; நாம் வடைக்கு எதிராக வரவு வைக்க வேண்டியது நிகரத்தை. 163 கலோரி என்பது சமைக்காத அரிசியில் 47 கிராம். எண்ணெயில் 18 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று மேல். ஒரு மணி நேர நடையை ஒரு கரண்டி எண்ணெய் ஈடுசெய்துவிடும் என்பது வருத்தம் தரும் செய்திதான்.

இன்னும் ஆழத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1 மெட் என்பதன் மதிப்பு எல்லாருக்கும் ஒன்றுதானா? 2005-இல் 769 பேரிடம் ஓய்வுநிலை ஆக்சிஜன் பயன்பாட்டை அளந்த ஓர் ஆய்வு, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டிருந்த மதிப்புக்கு மாறாக, சராசரி 2.6 மட்டுமே என்று கண்டது. அந்த 3.5 எங்கிருந்து வந்தது? 70 கிலோ எடையும் 40 வயதும் கொண்ட ஒரே ஓர் ஆணிடமிருந்து வந்தது என்று அக்கட்டுரை சொல்கிறது. மாதிரி அளவு ஒன்று! முதுகலை மாணவர் எவராவது இப்படி ஓர் ஆய்வேட்டை என்னிடம் கொண்டுவந்திருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பேன்.

மாற்றாக ஹாரிஸ்-பெனடிக்ட் சமன்பாட்டை எடுத்துக்கொள்ளலாம். 1919-இல் அமெரிக்காவில் உருவான இது இன்றும் மருத்துவமனைகளில் புழங்குகிறது. என் எடை, 165 சென்டிமீட்டர் உயரம், 67 வயது ஆகியவற்றை அதில் இட்டால், படுத்த நிலையில் என் உடலின் ஒரு நாள் அடிப்படைச் செலவு 1,333 கலோரி என்று வருகிறது. மெட் கணக்கின்படி 65-ஐ 24-ஆல் பெருக்கினால் 1,560. இடைவெளி 227. படுத்திருப்பதற்கும் உட்கார்ந்திருப்பதற்கும் உள்ள சிறு வேறுபாட்டைக் கழித்தாலும் மிச்சம் சிறிதன்று. அதாவது நான் காலையில் வியர்க்க வியர்க்க நடந்து சேர்த்ததாகக் கடிகாரம் சொல்லும் தொகை அளவுக்கு, நான் படுத்திருக்கும்போதே இரண்டு சூத்திரங்கள் தமக்குள் மாறுபடுகின்றன.

இந்தச் சூத்திரங்கள் யாருடைய உடலை வைத்து எழுதப்பட்டவை என்ற கேள்வியை முதலில் கேட்ட இடங்களுள் ஒன்று சென்னை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய எலினார் மேசன், அச்சமன்பாட்டின் ஆசிரியர்களுள் ஒருவரான பிரான்சிஸ் பெனடிக்டுடன் சேர்ந்து, தென்னிந்தியப் பெண்களின் அடிப்படை வளர்சிதை மாற்றத்தை அளந்து 1931-இல் வெளியிட்டார். அமெரிக்கப் பெண்களைக் கொண்டு எழுதப்பட்ட கணிப்பைவிட இங்குள்ள பெண்களின் உடல் கணிசமாகக் குறைவான ஆற்றலையே செலவிட்டது. தம் சமன்பாடு எல்லாருக்கும் பொருந்தாது என்பதைக் காட்டும் ஆய்வில் அதை எழுதியவரே பெயர் சேர்த்துக்கொண்டது அறிவியலுக்கு அழகு.

காரணம் என்ன? வெப்பமா, உணவா, இனமா என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. பெங்களூரில் அளக்கப்பட்ட இந்தியர்களையும் ஆஸ்திரேலியாவில் அளக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்ட 1998-ஆம் ஆண்டு ஆய்வு, உடலின் கட்டமைப்பைக் கணக்கில் எடுத்தால் இன வேறுபாடு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை என்றது. ஆற்றலை மிகுதியாகச் செலவிடுவன தசையும் உள்ளுறுப்புகளும், கொழுப்பு அன்று. ஒரே எடையில் நமக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். கடிகாரத்திடம் 65 கிலோ என்று சொல்கிறோம். அந்த 65-இல் எவ்வளவு தசை என்று சொல்வதில்லை. வயது ஏறும்போது தசை இன்னும் குறையும். ஆக, அந்தச் சூத்திரம் நம்மூர் முதியவர்களுக்குத் தாராளமாகவே வரவு எழுதும்.

இதுவரை சொன்னது ஒரு வடையைப் பற்றிய வழக்கு. ஆனால் நான் பொருளியல் ஆசிரியன். உழைக்கும் உடல் எத்தனை கலோரி செலவிடும் என்ற மதிப்பீட்டை முப்பது ஆண்டுகளாக வேறொரு பெயரில் கற்பித்திருக்கிறேன். அதன் பெயர் வறுமைக் கோடு.

திட்டக் குழு அமைத்த பணிக்குழு ஒன்று 1979-இல், கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரியும் நகரத்தில் 2,100 கலோரியும் தேவை என்று வகுத்தது. அந்த உணவை வாங்கும் குடும்பங்களின் செலவு நிலையே கோடாயிற்று: 1973-74 விலையில் மாதத்துக்குக் கிராமத்தில் ரூ.49.09, நகரத்தில் ரூ.56.64. வகுப்பில் மாணவர்கள் எப்போதும் ரூபாயைப் பற்றியே கேட்பார்கள். நான் அவர்களை 300-ஐப் பார்க்கச் சொல்வேன். கிராமத்துக்கும் நகரத்துக்கும் இடையிலான அந்த 300 கலோரி, முதன்மையாக, ஏர் பிடிப்பவரும் நாற்று நடுபவரும் நகரவாசியைவிடக் கூடுதலாக எரிப்பது என்ன என்பதற்கான மதிப்பீடு. என் கைக்கடிகாரம் காலையில் போடும் அதே கணக்கை ஒரு நாடு தன் உழைப்பாளர்களுக்குப் போட்டது.

2014-இல் சி. ரங்கராஜன் தலைமையிலான நிபுணர் குழு மீண்டும் கலோரி அளவுக்கு வந்தபோது, கிராமத்துக்கு 2,155, நகரத்துக்கு 2,090 என்றது. 300 ஆக இருந்த இடைவெளி 65 ஆகிவிட்டது. முப்பத்தைந்து ஆண்டுகளில் வயல் வேலை இலேசாகிவிட்டதா? ஓரளவு ஆம். நான் நடக்கும் சாலையிலேயே தொடர்ந்து சென்றால் சோழவந்தான் வயல்கள். அங்கே ஏற்றம் இல்லை. உழவுக்கு டிராக்டர், அறுப்புக்கு இயந்திரம். வருமானம் கூடியும் இந்தியர்கள் உட்கொள்ளும் கலோரி குறைந்துவந்ததைப் பற்றி 2009-இல் எழுதிய ஏங்கஸ் டீட்டனும் ஜீன் டிரீசும், உடலுழைப்புக் குறைந்திருப்பது அதற்கொரு காரணமாக இருக்கலாம் என்றார்கள். ஆனால் அதை நிரூபிப்பது கடினம். ஏனெனில் உண்ணும் உணவைப் பற்றி நம்மிடம் பல்லாயிரம் குடும்பங்களின் தரவு இருக்கிறது, எரிக்கும் ஆற்றலைப் பற்றி அந்த அளவுக்கு எதுவும் இல்லை. வரவுப் பக்கம் நிரம்பியும் செலவுப் பக்கம் ஊகத்தாலும் எழுதப்பட்ட பேரேடு அது.

இத்தகைய ஊகம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழகத்துக்கு ஓர் அனுபவம் உண்டு. பாட்டிமார் வாய்மொழியில் தாது வருடப் பஞ்சம் என்று நின்றுபோன 1876-78 பஞ்சத்தில், நிவாரணப் பணியில் மண் வெட்டியவர்களுக்கு எவ்வளவு தானியம் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. செலவைச் சுருக்க இந்திய அரசு அனுப்பிவைத்த சர் ரிச்சர்ட் டெம்பிள், ஓர் ஆணுக்கு ஒரு ராத்தல், அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று 1877-இல் நிர்ணயித்தார். பெண்ணுக்கும் உழைக்கும் சிறுவருக்கும் அதனினும் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்ற மருத்துவர் கடுமையாக எதிர்த்தார். உழைப்பவருக்குக் குறைந்தது 680 கிராம் தானியமும், அதன்மேல் காய்கறியும் பருப்பு முதலியனவும் வேண்டும் என்றார்.

இருவரின் வழக்கையும் இன்றைய முறையில் கணக்கிட்டுப் பார்த்தேன். தானியத்தில் கிராமுக்கு 3.5 கலோரி. டெம்பிளின் படி 1,575. கார்னிஷ் கேட்டது 2,380. பஞ்சத்தில் மெலிந்த ஒருவரின் எடை 45 கிலோ என்று கொள்வோம். மண் வெட்டுவதற்கு மிதமாக 5 மெட், இடைவெளி போக ஆறு மணி நேர உண்மையான வேலை: 1,350. மீதி 18 மணி நேரத்தில் நடை, உறக்கம் எல்லாவற்றுக்கும் சராசரியாக 1.2 மெட்: 972. கூட்டினால் 2,322. மேலே நான் குறை சொன்ன அதே தோராயச் சூத்திரம்தான் இது. கால் பங்கு பிழை இருந்தாலும் 1,575 போதாது. கலோரி அட்டவணை எதுவும் கையில் இல்லாத காலத்தில், சிறையிலும் முகாமிலும் மெலியும் உடல்களை நேரில் பார்த்த மருத்துவரின் 680 கிராம் சரியாக வந்து பொருந்துகிறது. ஓர் அணாவால் சிறிது ஈடாகியிருக்கலாம். உப்பு, மிளகாய், விறகு எல்லாம் அதற்குள்தான். மாகாண அரசு 1877 மார்ச்சில் பாதி வழி இறங்கிவந்து, 570 கிராம் தானியமும் 43 கிராம் பருப்பும் என்று உயர்த்தியது. இடைப்பட்ட வாரங்களில் மண் சுமந்தவர்கள் தம் உடலையே எரித்தார்கள். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி அந்தப் பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டதே.

உடலும் ஒரேயடியாகச் சூத்திரத்துக்கு அடங்குவதில்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். புள்ளியியலாளர் பி.வி. சுகாத்மே, ஒரே மனிதரின் தேவையே நாளுக்கு நாள் ஏறி இறங்கும், சராசரியைக் கோடாக்கக் கூடாது என்று எழுபதுகளிலிருந்தே வாதிட்டார். அவ்வாதத்தைச் சாக்காக வைத்துப் பசியைக் குறைத்துச் சொல்லிவிடுவார்கள் என்று மறுத்தவர்களும் உண்டு. நான் அவர்கள் பக்கம். அண்மைக் காலத்தில் ஹெர்மன் பான்ட்சர், தான்சானியாவின் ஹாட்சா வேட்டைச் சமூகத்தினரை அந்தக் கன நீர் முறையில் அளந்து 2012-இல் ஒரு முடிவை வெளியிட்டார். நாள்தோறும் அலைந்து திரியும் அவர்களின் மொத்தச் செலவு, உடல் அளவுக்கு ஏற்பச் சரிசெய்து பார்த்தால், மேலைநாட்டு நகரவாசியினுடையதைவிட அதிகமில்லை. கூடுதலாக உழைக்கும் உடல் வேறு உள் செலவுகளைச் சுருக்கிக்கொள்கிறது என்பது அவர் விளக்கம். இது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. உண்மையானால், 163 நிகரமும்கூட முழுதாக நம் கைக்கு வராது.

அப்படியானால் நடப்பதை விட்டுவிடலாமா என்று நண்பர் கேட்டார். எண் பொய்யானால் பயனும் பொய் என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். நடை எடையைக் குறைப்பது சொற்பமே. ஆனால் தசை இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் திறனும், இரத்த அழுத்தமும், உறக்கமும் சீராவதற்கு அந்த எண் தேவையே இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் கலோரியில் பேசவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு என்று நிமிடத்தில் பேசுகிறது. மிதமானது எது என்றறியக் கருவியும் வேண்டாம்: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. 65-ஐக் கடந்தவர்கள் வாரம் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது அது. நம்மில் பெரும்பாலார் இதைச் செய்வதில்லை.

கடிகாரத்தை நான் கழற்றி எறியவில்லை. விலைவாசிக் குறியீட்டெண்ணைப் படிப்பதுபோல் அதைப் படிக்கிறேன். குறியீட்டெண்ணின் நிலை எந்த வீட்டின் செலவையும் சொல்லாது. அதன் மாற்றம் ஏதோ சொல்லும். என் கடிகாரம் நேற்று 231, இன்று 180 என்றால் இன்று குறைவாக நடந்திருக்கிறேன், அவ்வளவே. அதை நண்பரின் 318-உடன் ஒப்பிடுவது இரு நாடுகளின் குறியீட்டெண்ணை நேரடியாக ஒப்பிடுவதைப் போன்றது.

ஒரு நாள் என் கடிகாரத்தை மனைவியின் கையில் கட்டிவிட்டேன். சப்பாத்தி மாவு பிசைந்த நேரத்தை நடை என்று எண்ணி அடிகளைச் சேர்த்தது. கிணற்றடியில் நீர் நிரம்பிய இரண்டு குடங்களை இரு கைகளிலும் அசையாமல் பிடித்து வந்தபோது ஏறத்தாழ ஒன்றும் சேர்க்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரையில், உட்கார்ந்த வாழ்க்கை வாழும் பெண்ணுக்கு 1,660 கலோரி, கடும் உழைப்புச் செய்யும் பெண்ணுக்கு 2,720. எங்கள் வீட்டில் காலையிலும், இன்னும் நான்கு வீடுகளில் பிற்பகல் வரையிலும் வேலை செய்துவிட்டு, தம் வீட்டுச் சமையலையும் பார்க்கும் அம்மா இவ்விரண்டில் எந்த வரிசையில் வருவார் என்று அன்று யோசித்தேன். அவர் கையில் கடிகாரம் இல்லை. சாப்பிடச் சொன்னால் 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கிறேன் ஐயா' என்பார். இப்போது காலை உணவு எங்கள் வீட்டிலேயே என்று ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம்.

நண்பர் நேற்று கடிகாரத்தின் முகப்பிலிருந்து கலோரியை நீக்கிவிட்டு நிமிடத்தை வைத்திருந்தார். 58 நிமிடம். தேநீர்க் கடையில் வடை ஒன்றுதான் வாங்கினார். அதிலும் பாதியைப் பிட்டு என் பக்கம் நீட்டினார்.